மரியாளின் மகன் யார்? முதல் ஐந்து நூற்றாண்டுகள் சொன்ன விடைகள்

கேள்வி இதுதான்: "இயேசு கன்னியிடம் பிறந்தார், அவர் கடவுள் என்ற இரண்டையும் தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோல் நம்பினார்களா? அல்லது கி.பி. 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் வாக்கெடுத்துத்தான் அவரைக் கடவுளாக்கினார்களா?"

இரண்டுமே இல்லை என்பதுதான் சுருக்கமான விடை. ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு முடிச்சு இருக்கிறது. கன்னிப் பிறப்பை ஏற்றால் கடவுள்தன்மையையும் ஏற்றாக வேண்டும், ஒன்றை மறுத்தால் மற்றதும் போய்விடும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அக்காலத்தவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கன்னிப் பிறப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டு, இயேசு மனிதரே என்று கற்பித்தவர்கள் இருந்தார்கள். அதே பிறப்பை ஏற்றுக்கொண்டு, அவருக்கு நம்மைப் போன்ற உடலே கிடையாது என்றவர்களும் இருந்தார்கள். கன்னிப் பிறப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் அவரைச் சர்வலோகத்தின் ஆண்டவர் என்று பாடியவர்கள் இவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யமின் கன்னிமையைப் போற்றிவிட்டு, ஈஸா இறைமகன் என்பதை அதே மூச்சில் மறுக்கிறது. எனவே மரியாளின் கருவறையை ஒவ்வொரு தரப்பும் எதற்குச் சான்றாகக் கொண்டுவந்தது என்று பார்ப்பதுதான் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளச் சரியான வழி என்பது என் கருத்து.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகள் பவுலின் கடிதங்கள், அவை கி.பி. 50களைச் சேர்ந்தவை. இயேசுவின் பிறப்பைப் பற்றி அவர் கலாத்தியருக்கு எழுதியது "ஸ்திரீயினிடத்தில் பிறந்தவர்" என்பது மட்டுமே. கன்னி என்ற சொல் அங்கே இல்லை. தாயின் பெயரும் இல்லை. ரோமருக்கு எழுதும்போது, மாம்சத்தின்படி தாவீதின் வம்சத்தில் பிறந்தவர் என்றும், மரித்தோரிலிருந்து உயிர்த்தெழுந்ததினாலே தேவனுடைய குமாரனாக நிலைநாட்டப்பட்டவர் என்றும் சொல்கிறார். அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தார் என்று ஒரு பாடலைத் தருகிறார். முதல் நற்செய்தியான மாற்குவில் பிறப்புக் கதை கிடையாது. இயேசு வளர்ந்த மனிதராக யோர்தான் ஆற்றங்கரையில் வந்து நிற்கிறார். மத்தேயுவும் லூக்காவும்தான் கன்னிப் பிறப்பைச் சொல்கிறார்கள். சொல்லும் விதத்தில் இருவருக்கும் ஒற்றுமை குறைவு. ஞானிகளும் எகிப்துப் பயணமும் ஒருவரிடம், மேய்ப்பர்களும் முன்னணையும் மற்றவரிடம். யோவானோ பிறப்புக் கதையை விட்டுவிட்டு, உலகத் தோற்றத்துக்கும் முன்னே போய், "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தொடங்குகிறார்.

"நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்" என்ற இரண்டாம் சங்கீதத்தின் வரியை ஒரு நூலாகப் பிடித்துக்கொண்டு போனால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அந்த "இன்று" எந்த நாள்? அப்போஸ்தலர் நடபடிகளின் 13ஆம் அதிகாரம் அதை உயிர்த்தெழுந்த நாளோடு சேர்க்கிறது. பெசா என்ற பழைய கையெழுத்துப் பிரதியில், லூக்கா சொல்லும் ஞானஸ்நானக் காட்சியில், வானத்திலிருந்து வரும் குரல் இதே வரியைச் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டினும் அந்த வாசகத்தையே அறிந்திருந்தார். லூக்காவின் முதல் அதிகாரத்திலோ தேவகுமாரன் என்னும் பெயர் கருவுற்ற கணத்தோடு இணைகிறது. யோவானுக்கு அது ஆதியிலேயே நடந்து முடிந்தது. இதை வைத்துக்கொண்டு, இயேசுவைப் பற்றிய நம்பிக்கை உயிர்ப்பிலிருந்து ஞானஸ்நானம், பிறப்பு, ஆதி என்று படிப்படியாகப் பின்னோக்கி ஏறியது என்று பலர் ஒரு ஏணி வரைவார்கள். பார்க்க அழகான ஏணிதான். ஆனால் உச்சிப் படியில் இருக்க வேண்டிய பிலிப்பியர் பாடல் மாற்குவுக்கும் முந்தியது என்பதால் அது நேராக நிற்காது. வேறுவேறு ஊர்களில் வேறுவேறு பேச்சுகள் ஒரே காலத்தில் புழங்கின என்று கொள்வதே பொருத்தம்.

கன்னிப் பிறப்பைப் பற்றிய வாதம் ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டது. மத்தேயு மேற்கோள் காட்டும் ஏசாயா 7:14இன் எபிரேய மூலத்தில் இருப்பது "அல்மா". மண வயதை எட்டிய இளம்பெண் என்பது அதன் பொருள். கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை "பார்த்தெனோஸ்", அதாவது கன்னி என்று ஆக்கியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் புதிதாக மொழிபெயர்த்த அக்குவிலா அதை "நெயானிஸ்", இளம்பெண், என்று திருத்தினார். அந்த நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் எழுதிய உரையாடல் நூலில், திரிஃபோ என்ற யூதர் இதையே எடுத்துப் போடுகிறார்: அது கன்னி அல்ல, இளம்பெண்; தீர்க்கதரிசனம் எசேக்கியா அரசனைப் பற்றியது. நம் மொழியில் இந்தச் சண்டை அவ்வளவு கூர்மையாக ஒலிக்காது. தமிழ்க் "கன்னி" இளமையையும் மணமாகாமையையும் தீண்டப்படாமையையும் ஒருசேரச் சுமக்கும் சொல். கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் நடுவில் நின்றவர்களுக்கோ அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. மத்தேயுவின் கதை முழுவதும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையிலிருந்து முளைத்தது என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். அது பொருந்தாது: ஏசாயாவின் அந்த வசனத்தை மேற்கோள் காட்டாமலேயே லூக்கா கன்னிப் பிறப்பைச் சொல்கிறார். கதை முன்பே புழக்கத்தில் இருந்தது. வசனம் பிறகு வந்து சேர்ந்தது என்பதே என் எண்ணம்.

அதே உரையாடலில் ஜஸ்டின் போகிறபோக்கில் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். இயேசுவை மேசியா என்று ஏற்றும், அவர் மனிதருக்குப் பிறந்த மனிதரே என்று நம்புகிறவர்கள் உண்டு. தாம் அவர்களோடு உடன்படவில்லை என்கிறார். கோபமோ சாபமோ அதில் இல்லை. முப்பது ஆண்டு கழித்து, சுமார் 180இல், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் ஆயராக இருந்த ஐரேனியஸ் எழுதும்போது தொனி மாறிவிடுகிறது. அவர்கள் இப்போது எபியோனியர் என்ற பெயருள்ள தவறான பிரிவினர். "எபியோன்" என்றால் எபிரேயத்தில் ஏழை. மோசேயின் சட்டத்தைக் கைக்கொண்டு, மத்தேயு நற்செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு, பவுலைத் துரோகி என்று ஒதுக்கிய யூதக் கிறிஸ்தவர்கள் அவர்கள். இயேசு யோசேப்புக்கும் மரியாளுக்கும் பிறந்தவர். சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடித்ததால் தேவன் அவரைத் தெரிந்துகொண்டார் என்றார்கள். எபியோனியரிலேயே இரண்டு வகை உண்டு, ஒரு வகையினர் கன்னிப் பிறப்பை ஏற்கிறார்கள் என்று மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் குறிப்பிடுகிறார். இவர்கள் கையால் எழுதிய நூல் முழுதாக ஒன்றுகூட நம்மிடம் இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களை மறுத்தவர்கள் வாயால் வந்தது என்பதை மறக்கக் கூடாது.

இங்கே ஒரு கையெழுத்துப் பிரதியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 1892இல் சினாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் ஒரு சிரியாக் தோல் ஏட்டைக் கண்டார். மேலெழுத்து பெண் புனிதர்களின் வரலாறுகள். அதற்கடியில், சுரண்டி அழிக்கப்பட்டும் முழுதாக அழியாமல், நற்செய்திகளின் மிகப் பழைய சிரியாக் மொழிபெயர்ப்பு இருந்தது. அதில் மத்தேயு 1:16, மரியாள் என்ற கன்னி எவருக்கு நியமிக்கப்பட்டிருந்தாளோ அந்த யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று ஓடுகிறது. இதைக் கண்டதும் உண்மை வெளிப்பட்டுவிட்டது என்று ஆர்ப்பரித்தவர்கள் உண்டு. ஆனால் அதே ஏடு இரண்டு வரி தள்ளி, பரிசுத்த ஆவியால் கருவுற்றதையும் சொல்கிறது. அந்த வாக்கியத்திலேயே "கன்னி" என்ற சொல்லும் நிற்கிறது. எழுதியவருக்கு இரண்டும் மோதவில்லை என்பதுதான் அதில் எனக்குச் சுவையாகப் படுவது. தாவீதின் வம்சக் கோடு யோசேப்பு வழியாகத்தானே வருகிறது!

எபியோனியரைப் போலவே தொடங்கி வேறு இடத்தில் போய் முடித்தவர் செரிந்தஸ். முதல் நூற்றாண்டின் முடிவில் சின்ன ஆசியாவில் இருந்தவர். இயேசு யோசேப்பின் மகன். ஞானஸ்நானத்தின்போது "கிறிஸ்து" என்ற மேலுலக ஆற்றல் புறாவைப்போல் அவர்மேல் இறங்கியது. சிலுவைக்கு முன் பறந்துவிட்டது. பாடுபட்டது இயேசு என்ற மனிதர் மட்டுமே என்றார். எபேசுவில் பொதுக் குளியல் கூடத்துக்குப் போன யோவான், உள்ளே செரிந்தஸ் இருப்பதைக் கண்டதும், சத்தியத்தின் பகைவன் இருக்கும் கூரை இடிந்து விழுந்துவிடும் என்று கத்திக்கொண்டு குளிக்காமலேயே வெளியே ஓடினாராம். சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு சொன்னதாக ஐரேனியஸ் தரும் கதை இது. நடந்ததோ இல்லையோ, பகை எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

இனிச் சொல்லப்போவது பலருக்கு எதிர்பாராததாக இருக்கும். முதல் இரண்டு நூற்றாண்டுகளில் திருச்சபை மிகக் கடுமையாகப் போராடியது இயேசு கடவுளல்லர் என்றவர்களோடு அன்று. அவர் மனிதரல்லர் என்றவர்களோடு. தோன்றுதல் என்று பொருள்படும் "தொக்கேயின்" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அவர்களுக்குத் "தோற்றவாதிகள்" என்று பெயர் வந்தது. தெய்வம் பசித்திருக்குமா, வியர்க்குமா, ஆணியால் அறையப்படுமா? ஆகவே அவர் உடல் ஒரு தோற்றம், பட்டதுபோல் காட்டினார், அவ்வளவே என்றார்கள். மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவை அறிக்கைபண்ணாத ஆவி தேவனிடமிருந்து வந்ததல்ல என்று யோவானின் முதல் கடிதம் எச்சரிப்பது இவர்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான். சுமார் 110இல், பத்துச் சிறுத்தைகள் என்று தாமே வருணிக்கும் பத்து வீரர்களின் காவலில் ரோமுக்கு மரண தண்டனைக்காக நடத்திச் செல்லப்பட்ட அந்தியோகியாவின் ஆயர் இக்னேஷியஸ், வழியில் எழுதிய கடிதங்களில் ஒரு சொல்லைத் திரும்பத்திரும்ப அடிக்கிறார்: மெய்யாகவே. மெய்யாகவே பிறந்தார், உண்டார், குடித்தார், மெய்யாகவே பொந்தியு பிலாத்துவின் காலத்தில் துன்புற்றார், மெய்யாகவே அறையப்பட்டார். அவர் பட்டது தோற்றம் என்றால் நான் ஏன் இந்தச் சங்கிலியில் கிடக்கிறேன் என்று கேட்கிறார். மரியாள் கன்னி என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் மரியாளைக் கூப்பிடுவது அற்புதத்துக்குச் சாட்சியாக மட்டும் அல்ல, சதைக்குச் சாட்சியாக.

மார்சியோன் அந்தச் சாட்சியையே நீக்கிவிட்டார். கருங்கடல் கரையின் சினோப்பேயில் பிறந்த கப்பல் உரிமையாளர். ரோமாபுரித் திருச்சபை 144இல் அவரைத் தள்ளிவைத்தது. படைத்த கடவுள் வேறு, இயேசு வெளிப்படுத்திய அன்புக் கடவுள் வேறு என்பது அவர் போதனை. அவர் கையில் வைத்திருந்த நற்செய்தி ஏறக்குறைய நம் லூக்காதான். அதில் முதல் இரண்டு அதிகாரங்கள் இல்லை. திபேரியு இராயன் அரசாண்ட பதினைந்தாம் வருஷத்தில் இயேசு கப்பர்நகூமுக்கு இறங்கி வந்தார் என்று அது தொடங்குகிறது. பிறப்பு இல்லை, குழந்தைப் பருவம் இல்லை, தாய் இல்லை. அவருக்கு எதிராக மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜின் தெர்த்துல்லியன் எழுதிய "கிறிஸ்துவின் மாம்சத்தைப் பற்றி" என்ற நூலை இன்று படித்தாலும் முகத்தில் அறையும். கருப்பையின் இரத்தம், நீர், மாதக்கணக்கில் கனக்கும் வயிறு, வலி, துணியில் சுற்றிய குழந்தையின் அழுக்கு என ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, இதைக் கேட்டு உனக்கு அருவருப்பாக இருக்கிறதா, நீ எப்படிப் பிறந்தாய் என்று மார்சியோனைக் கேட்கிறார். பிறக்கும் மனிதனை வெறுப்பவன் எந்த மனிதனை நேசிக்க முடியும் என்கிறார். "அபத்தமாக இருப்பதால் நம்புகிறேன்" என்று அவர் தலையில் கட்டப்படும் வாக்கியம் இந்த நூலின் ஒரு வரி திரிந்து வந்ததுதான். தேவகுமாரன் இறந்தார் என்பது பொருத்தமற்றதாகத் தெரிவதாலேயே நம்பத்தக்கது என்பதே அவர் எழுதியது. இதே தெர்த்துல்லியன், மரியாள் கருவுற்றபோது கன்னி, பெற்றபோது கன்னியல்ல, ஏனென்றால் பிரசவம் உண்மையான பிரசவம் என்றும் எழுதிவிட்டார். பிற்காலக் கத்தோலிக்கக் கோட்பாட்டின்படி இது தவறு. அவர் காலத்திலோ இதற்காக அவரை யாரும் தள்ளிவைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நூற்றாண்டின் ஞானமார்க்க ஆசிரியர் வாலென்டினஸின் சீடர்கள் நுட்பமானவர்கள். கன்னிப் பிறப்பை அவர்கள் மறுக்கவில்லை. குழாய் வழியே தண்ணீர் போவதுபோல் மரியாளின் வழியாகக் கிறிஸ்து வந்தார், அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மரியாள் "மூலமாக" வந்தாரா, மரியாள் "இடமிருந்து" வந்தாரா என்ற வேற்றுமை உருபுச் சண்டை இங்கே பிறந்தது. ஒரு உருபுக்குள் ஒரு மதமே அடங்கிக் கிடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாக்கோபின் பெயரால் எழுந்த முதல் நற்செய்தி என்ற நூலை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். மரியாளின் பெற்றோர் யோவாக்கிம், அன்னா என்பதும், யோசேப்பு பிள்ளைகளுள்ள வயதான மனைவியிழந்தவர் என்பதும் நமக்குத் தெரிவது இந்நூலால்தான். நான்கு நற்செய்திகளில் இவை இல்லை. வேளாங்கண்ணிப் பெருவிழா நிறைவுறும் செப்டம்பர் 8 மரியாளின் பிறந்தநாள் என்கிறோமே, அவள் பிறந்த கதையை முதலில் சொல்லும் நூலும் இதுவே. பிள்ளைப்பேற்றுக் காட்சியில், மருத்துவச்சியைத் தேடி நடக்கும் யோசேப்பின் கண்ணெதிரே உலகம் அப்படியே நின்றுவிடுகிறது: பறவைகள் வானில் அசையாமல் நிற்கின்றன, கலத்தில் கையை விட்ட கூலியாட்களின் கை வாய்க்கு வரவில்லை, ஆடுகளை ஓட்டக் கோலை ஓங்கிய மேய்ப்பனின் கை ஓங்கியபடியே நிற்கிறது. குகைக்குள் தாங்க முடியாத ஒளி. ஒளி மெல்லக் குறைய, குழந்தை தெரிகிறது. வந்து தாயின் முலையைப் பற்றுகிறது. பிரசவத்துக்குப் பிறகும் கன்னிமை கெடவில்லை என்பதை நம்பாமல் சோதித்துப் பார்த்த சலோமேயின் கை எரிந்துபோகிறது. நூல் எந்தப் பக்கம்? ஒளியிலிருந்து உருவாகி வரும் குழந்தை தோற்றவாதிகளின் சாயலில் இருக்கிறது. பால் குடிக்கும் குழந்தை இக்னேஷியஸின் பக்கத்தில். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால்தான் அது எல்லா ஊர்களிலும் பரவியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபுறம், சுமார் 190இல் பைசாந்தியத்திலிருந்து ரோமுக்கு வந்த தியோடோட்டஸ் ஒரு தோல் தொழிலாளி. இயேசு கன்னியிடம் பிறந்தவர், ஆனாலும் மனிதரே. ஞானஸ்நானத்தில் இறைவல்லமை அவர்மேல் இறங்கியது என்றார். ஆயர் விக்டர் அவரைத் தள்ளிவைத்தார். துன்புறுத்தலின்போது கிறிஸ்துவை மறுதலித்துவிட்டு, "நான் மறுத்தது மனிதனைத்தான், கடவுளை அல்ல" என்று சமாளிக்கவே இப்படி ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தார் என்று எதிராளிகள் கதை கட்டினார்கள். அந்தியோகியாவின் ஆயர் சமோசாத்தா பவுலையும் இதையொத்த போதனைக்காக 268இல் ஆயர்களின் சங்கம் ஒன்று பதவி நீக்கியது. அவர் ஆலயக் கட்டடத்தைக் காலி செய்ய மறுத்ததால் வழக்கு, கிறிஸ்தவரல்லாத பேரரசர் அவுரேலியன் வரை போனது. இத்தாலியிலும் ரோமிலும் உள்ள ஆயர்கள் யாரோடு உறவில் இருக்கிறார்களோ அவர்களுக்கே கட்டடம் என்று அவர் தீர்ப்பளித்தார். பிதாவும் குமாரனும் ஒருவரே, வேடம்தான் வேறு என்ற சபெல்லியஸ் வழியினரும் அந்த நூற்றாண்டில் இருந்தார்கள். அப்படியென்றால் சிலுவையில் அறையப்பட்டது பிதாவா என்ற தெர்த்துல்லியனின் கேலியே அவர்களுக்குப் போதுமான விடையாக இருந்தது.

இப்போது நிக்கேயாவுக்கு வருவோம். அங்கே இயேசு மனிதரா கடவுளா என்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சுமார் 112இல், பித்தினியாவின் ரோமானிய ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவுக்குக் கடவுளுக்குப் பாடுவதுபோல் பாடுகிறார்கள் என்று பேரரசருக்கு எழுதியிருக்கிறார். நிக்கேயாவில் குற்றஞ்சாட்டப்பட்ட அலெக்சாந்திரியாவின் குரு ஏரியஸும் கன்னிப் பிறப்பை மறுத்தவரல்லர். குமாரன் உலகம் உண்டாகுமுன் இருந்தவர், அவர் வழியாகவே எல்லாம் படைக்கப்பட்டது என்று நம்பியவர். அவர் சொன்னது இதுதான்: பிதா ஒருவரே தொடக்கமற்றவர்; பெறப்பட்டவர் என்றால் குமாரனுக்குத் தொடக்கம் உண்டு; "அவர் இல்லாதிருந்ததும் உண்டு". அந்த வாக்கியத்தில் "காலம்" என்ற சொல்லை அவர் வைக்கவில்லை, ஏனென்றால் காலம் உண்டாகுமுன்பே குமாரன் உண்டானார் என்பது அவர் கருத்து. நீதிமொழிகளின் 8ஆம் அதிகாரத்தில் ஞானம், கர்த்தர் தம் கிரியைகளுக்கு முன் என்னைப் படைத்தார் என்று கிரேக்க வேதத்தில் பேசுவதை அவர் எடுத்துக்காட்டியபோது எதிர்த்தரப்பு உண்மையாகவே திணறியது. மாலுமிகளும் மாவரைப்பவர்களும் பாடுவதற்கென்று தம் கொள்கையைப் பாட்டாகவும் கட்டினார்.

எதிர்த்தரப்பின் கவலை வேறு. படைக்கப்பட்ட ஒருவர், எவ்வளவு உயர்ந்தவரானாலும், படைப்பைக் கடவுளோடு சேர்க்க முடியுமா? முடியாது என்பதால், குமாரன் பிதாவோடு "ஹோமோஊசியோஸ்", தமிழ்த் திருப்பலியில் சொல்வதுபோல் "ஒரே பொருளானவர்", என்ற சொல்லை அறிக்கையில் வைத்தார்கள். அச்சொல் வேதத்தில் இல்லை. அதைவிடச் சங்கடம், சமோசாத்தா பவுலைத் தள்ளிய சங்கம் இதே சொல்லை மறுத்திருந்ததாகப் பின்னாளில் எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இருந்தும், இருநூற்றுக்கு மேற்பட்ட ஆயர்களில் இறுதிவரை கையெழுத்திட மறுத்து ஏரியஸோடு வெளியேறியவர்கள் இருவர் மட்டுமே. ஆனால் கையெழுத்தோடு விவகாரம் முடிந்துவிடவில்லை. சங்கத்தைக் கூட்டிய கான்ஸ்டன்டைன் 337இல் சாகுமுன் ஞானஸ்நானம் பெற்றது ஏரியஸின் நண்பரான நிக்கொமேதியாவின் ஆயர் யூசேபியஸிடம். நிக்கேயாவின் காவலரான அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381இல் கான்ஸ்டான்டினோப்பிளில் இரண்டாம் பொதுச்சங்கம் கூடும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி. அந்த நகரத்தின் தெருவை நீசாவின் கிரகோரி ஓர் உரையில் படம்பிடித்திருக்கிறார்: சில்லறை கேட்டால், பெறப்பட்டவர் யார், பெறப்படாதவர் யார் என்று விளக்குகிறான், ரொட்டி விலை என்னவென்றால், பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்கிறான், குளிக்க வெந்நீர் தயாரா என்றால், குமாரன் இல்லாமையிலிருந்து உண்டானவர் என்று பதில் வருகிறது.

குமாரன் முழுக் கடவுள் என்று முடிவானதும், அவர் எப்படி மனிதரானார் என்ற பழைய கேள்வி திரும்பி வந்தது. லவோதிக்கேயாவின் அப்பொலினாரிஸ், இயேசுவுக்கு மனித உடல் உண்டு, ஆனால் மனித அறிவின் இடத்தில் தேவ வார்த்தை இருந்தது என்றார். எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்று நசியான்சின் கிரகோரி ஒரு கடிதத்தில் அதற்கு விடை எழுதினார். மனிதனின் புத்திதானே முதலில் பிசகியது, அதை விட்டுவிட்டு உடலை மட்டும் மீட்டு என்ன பயன் என்பது அதன் பொருள்.

428இல் கான்ஸ்டான்டினோப்பிளின் பேராயரான நெஸ்டோரியஸ் காலத்தில் வாதம் மறுபடியும் மரியாளிடமே வந்து நின்றது. மக்கள் அவளை "தியோடோகோஸ்", கடவுளைப் பெற்றவள், என்று அழைத்துவந்தார்கள். கடவுளுக்குத் தாய் ஏது, அவள் பெற்றது மனித இயல்பை, "கிறிஸ்துவைப் பெற்றவள்" என்பதே சரி என்றார் நெஸ்டோரியஸ். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் பாய்ந்தார். எந்தத் தாயும் இயல்பைப் பெறுவதில்லை, ஆளைத்தான் பெறுகிறாள்; குழந்தையின் ஆன்மா தாயிடமிருந்து வருவதில்லை, ஆனால் அதற்காக எந்தப் பெண்ணையும் உடலின் தாய் என்று மட்டும் சொல்வோமா என்று எகிப்தின் துறவிகளுக்கு எழுதினார். வாதமாகப் பார்த்தால் சிரிலின் பக்கமே வலுவானது என்று நினைக்கிறேன். நடந்துகொண்ட முறையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது: 431 ஜூன் 22 அன்று, அந்தியோகியாவின் யோவானும் அவரோடு வந்த கீழைத்திசை ஆயர்களும் எபேசுவுக்கு வந்து சேருமுன்பே சங்கத்தைத் தொடங்கி, அன்றே நெஸ்டோரியஸைப் பதவி நீக்கிவிட்டார். அக்கால வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் (தத்துவஞானி அல்லர், அவருக்கு எண்ணூறு ஆண்டு பிந்தியவர்) நெஸ்டோரியஸின் எழுத்துகளை வாங்கிப் படித்துவிட்டு, இவர் கிறிஸ்துவின் கடவுள்தன்மையை மறுக்கவில்லை. அந்த ஒரு சொல்லைக் கண்டு பூச்சாண்டியைப்போல் பயந்தார், அவ்வளவுதான் என்று தீர்ப்புச் சொல்கிறார். எகிப்திய பாலைவனத்துக்கு நாடுகடத்தப்பட்ட நெஸ்டோரியஸ் அங்கே எழுதிய தற்காப்பு நூல் சிரியாக் மொழிபெயர்ப்பில் பிழைத்துக் கிடந்து, 1910இல் அச்சானது. படித்த பலர் சாக்ரட்டீஸ் சொன்னதற்கே தலையசைத்தார்கள்.

இருபது ஆண்டில் ஊசல் எதிர்ப்பக்கம் போனது. யூட்டிகெஸ் என்ற முதிய மடாதிபதி, ஒன்றிணைந்த பிறகு கிறிஸ்துவுக்கு ஒரே இயல்புதான் என்றார். அவர் உடல் நம் உடலோடு ஒத்த பொருளா என்று கேட்டபோது தயங்கினார். 451இல் கால்செடோனில் கூடிய சங்கம், ஒரே கிறிஸ்து, இரண்டு இயல்புகள். கலப்பின்றி, மாற்றமின்றி, பிளவின்றி, பிரிவின்றி என்று முடிவு செய்தது. நான்கும் "இன்றி" என்று முடிவதைக் கவனிக்க வேண்டும். எப்படி என்று அது சொல்லவில்லை, எப்படி இல்லை என்று வேலி மட்டும் போட்டது. சிரிலின் "தேவ வார்த்தையின் மாம்சமான ஒரே இயல்பு" என்ற சொல்லாட்சியை விடமுடியாத எகிப்தியர், சிரியர், ஆர்மீனியர், எத்தியோப்பியர் அந்த வேலிக்கு வெளியே நின்றார்கள். யூட்டிகெஸை அவர்களும் ஏற்கவில்லை. கிறிஸ்துவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் ஒரே நாளில், ஜனவரி 6இல், கொண்டாடும் பழைய கீழை வழக்கத்தை ஆர்மீனியத் திருச்சபை இன்றும் விடவில்லை.

இந்த வாதங்களின் தடம் நம் பக்கத்திலும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை இருந்ததாக அலெக்சாந்திரியாவின் வணிகர் கோஸ்மாஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பாரசீகத் திருச்சபை நெஸ்டோரியஸை ஆசிரியர்களில் ஒருவராகப் போற்றியது. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்களும் அதே கீழைச் சிரியாக் மரபினர். 1599இல் உதயம்பேரூர்ச் சங்கத்தில் போர்த்துக்கீசியப் பேராயர் மெனேசிஸ் நெஸ்டோரியஸின் பெயரைச் சபிக்க வைத்து, சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் செய்தார். 1653இல் கூனன் குரிசு சத்தியம் என்ற சிலுவை உறுதிமொழியோடு எதிர்ப்பு வெடித்தது. 1665இல் வந்த ஆயர் மார் கிரகோரியோஸ், கால்செடோனை ஏற்காத சிரிய மரபினர். எதிர்ப்பாளர்களில் ஒரு பெரும்பகுதி மெல்ல அந்த மரபுக்குள் போனது. ஆக 431, 451 ஆகிய ஆண்டுகளில் பிரிந்த மூன்று பக்கங்களையும், திருச்சூரின் கல்தேய சிரியன் சபை, கோட்டயத்தின் ஆர்த்தடாக்ஸ் சபை, எர்ணாகுளத்தின் சீரோ மலபார் சபை என்று ஒரே நாளில் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நெஸ்டோரியஸ் தொடங்கிவைத்த சொற்சண்டைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1994 நவம்பர் 11 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் அசீரியக் கீழைத் திருச்சபையின் தலைவர் நான்காம் மார் திங்காவும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒரு தரப்பு மரியாளைக் "கடவுளின் தாய்" என்றும் மற்றத் தரப்பு "நம் கடவுளும் மீட்பருமாகிய கிறிஸ்துவின் தாய்" என்றும் அழைப்பதை, இரண்டும் ஒரே நம்பிக்கையின் சரியான சொற்களே என்று அந்த அறிக்கை ஒப்புக்கொள்கிறது.